குட்டனின் தொண்டைக்குள் ஒரு சினிமா!



முதலில் ஒரு கேள்வி. உங்களுக்கு வயிறு வலித்தால் என்ன செய்வீர்கள்? 'அம்மா... இங்கே வலிக்குது' என்று விரலை வைத்துக் காட்டுவீர்கள். தொண்டையில் ஏதோ சிக்கியது போல் இருந்தால், அதையும் சொல்லி விடுவீர்கள். டாக்டருக்குப் பாதி வேலை அப்போதே முடிந்து விடும்.

உங்கள் வீட்டு நாய் என்ன செய்யும்? அதற்குப் பேச வாய் இல்லை. சுட்டிக்காட்ட விரலும் இல்லை. வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் படுத்துக் கிடக்கும். அவ்வளவுதான்!

அப்படிப்பட்ட வாயில்லா ஜீவனின் தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் ஃப்ளூரோஸ்கோப்பி. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். 'எக்ஸ்ரே சினிமா' என்று நினைத்துக்கொள்ளுங்கள், போதும். அதை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு நாய்தான்!

மலைக்கோவில் பாதையில் ஒரு இருமல்

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர் சிதறால். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். நடுவே ஒரு பாறை மலை. அதன் உச்சியில், ஏறத்தாழ 9ம் நூற்றாண்டில் சமண முனிவர்கள் வாழ்ந்த காலத்துச் சிற்பங்கள் இருக்கின்றன. மலைக்கோவில் என்று சொல்வோம். பள்ளிச் சுற்றுலாவில் உங்களில் சிலர் வந்திருப்பீர்கள்.

ஆசிரியர் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பின், தினமும் காலையில் அந்த மலையின் கல் பாதையில் பாதி தூரம் ஏறி இறங்குவது என் வழக்கம். துணைக்குப் பக்கத்து வீட்டுச் சிறுமி வருவாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கையில் ஒரு வார். வாரின் மறுமுனையில் குட்டன்!

குட்டன் ஒரு பொமரேனியன் நாய். வெள்ளை நிறம். வயது ஏழு. பழம்பொரி என்றால் உயிர். வீட்டில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். அதனால் ஆள் கொஞ்சம் குண்டு!

ஒரு நாள் மலையேறும்போது குட்டன் திடீரென்று நின்றான். கழுத்தை முன்னால் நீட்டினான். 'ஹாங்க்... ஹாங்க்...' என்று ஒரு சத்தம். இருமல்தான். ஆனால், நாய் இருமுவது போலவே இல்லை. வாத்து கத்துவது போல் இருந்தது. கடைசியில் வாந்தி எடுப்பது போல ஓங்கரித்தான். எதுவும் வெளியே வரவில்லை.

''சாரே, இவனுக்கு என்ன ஆச்சு?'' என்றாள் சிறுமி, பயந்து போய்.

''மீன் முள்ளு சிக்கியிருக்கும் மக்களே'' என்றேன் நான். வீட்டுக்கு வந்ததும் அவள் பாட்டியும் அதையேதான் சொன்னார். நமக்குத் தெரிந்த வைத்தியம் என்ன? முள் சிக்கினால் வாழைப்பழத்தை மெல்லாமல் விழுங்கச் சொல்வோம் அல்லவா? நானே ஒரு பழத்தை உருட்டிக் கொடுத்தேன். குட்டன் ஆசையாக விழுங்கினான். இருமல் நிற்கவில்லை.

நான் செய்தது பெரிய தவறு. முள்ளோ, எலும்போ உண்மையிலேயே சிக்கியிருந்தால், மேலே உணவைத் திணிப்பது அதை இன்னும் ஆழமாகக் குத்த வைக்கும். நாற்பது ஆண்டு வகுப்பெடுத்தவன் என்று பெயர்; இது எனக்குத் தெரியவில்லை! நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயில் எல்லாம் சரி!

கால்நடை டாக்டரிடம் கொண்டு போனோம். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ''பட்டிக்கு எக்ஸ்ரேயா!'' என்று பாட்டி மூக்கில் விரலை வைத்தார். (எங்கள் பக்கத்தில் நாயைப் 'பட்டி' என்றும் சொல்வார்கள்.)

எக்ஸ்ரேயில் முள் இல்லை. எலும்பு இல்லை. எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால், இருமல் மட்டும் நாளுக்கு நாள் கூடியது. இரவில் தூக்கம் இல்லை. கொஞ்சம் ஓடினாலும் நாக்கு நீலம் பாய்ந்தது. அதாவது, உடம்புக்குப் போதிய ஆக்சிஜன் போகவில்லை. அந்தச் சிறுமி பள்ளிக்குப் போக மறுத்து, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து விட்டாள்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், குட்டன் ஏன் மூச்சுத் திணறுகிறான்?

இதற்கு டாக்டர் அழகாக ஒரு பதில் சொன்னார். ''ஓடும் மின்விசிறியைப் போட்டோ எடுத்தால், அது எப்படிச் சுற்றுகிறது என்று தெரியுமா? எக்ஸ்ரே என்பது ஒரு போட்டோ. இவனுக்கு உள்ள கோளாறு, மூச்சு விடும்போது மட்டும் வந்து போவதாக இருக்கலாம். போட்டோ எடுத்த நொடியில் அது இல்லை. நமக்கு வேண்டியது சினிமா!''

வெளியூரில் உள்ள ஒரு பெரிய கால்நடை மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். மறுநாள் விடியும் முன்னே, வாடகைக் கார் பிடித்துப் புறப்பட்டோம்.

எக்ஸ்ரே எப்படி சினிமா ஆகிறது?

போகிற வழியில் உங்களுக்குக் கொஞ்சம் பாடம் நடத்தி விடுகிறேன், பழக்க தோஷம்!

1895ம் ஆண்டு நவம்பர் 8ம் தேதி. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரில், ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி இருட்டறையில் ஆராய்ச்சி செய்து கொண்டிருந்தார். அவர் ஆராய்ந்த கண்ணாடிக் குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தார். அப்படியும், சற்றுத் தள்ளி இருந்த ஒரு திரை பளபளவென்று ஒளிர்ந்தது. பேரியம் கலந்த ஒரு வேதிப்பொருள் பூசிய திரை அது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கதிர், அட்டையைத் துளைத்து வந்து திரையை ஒளிர வைக்கிறது! என்ன கதிர் என்று தெரியாததால் 'எக்ஸ்' கதிர் என்று பெயர் வைத்தார். 1901ல், இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது.

எக்ஸ் கதிர் தசையைச் சுலபமாகத் துளைத்துப் போகும். எலும்பைத் துளைக்கத் திணறும். எனவே, எலும்பின் நிழல் விழும். அந்த நிழலைப் பிலிமில் பிடித்து வைத்தால் எக்ஸ்ரே படம். பிலிமுக்குப் பதிலாக ஒளிரும் திரையில் விழ வைத்து, கதிரைத் தொடர்ந்து செலுத்தினால்? நிழல் அசையும்! நெஞ்சு விரிவதும் சுருங்குவதும் கண் முன்னே தெரியும். அதுதான் ஃப்ளூரோஸ்கோப்பி.

அந்தக் காலத்தில் திரை மிக மங்கலாக ஒளிரும். அதனால், டாக்டர்கள் சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்கிய பிறகுதான் பார்ப்பார்கள். 1950களில், மங்கலான படத்தைப் பல மடங்கு வெளிச்சமாக்கும் கருவி வந்தது. இப்போது எல்லாம் கணினித் திரையில் தெளிவாகத் தெரிகிறது. ஒரு நொடிக்கு முப்பது படங்கள் வரை எடுக்கலாம். பதிவு செய்து, மெதுவாக ஓட விட்டும் பார்க்கலாம்.

உள்ளே நடந்தது என்ன?

மருத்துவமனையில், குட்டன் உள்ளே போனான். எங்களுக்கு அனுமதி இல்லை. ''எக்ஸ் கதிர் படும் அறைக்குள் குழந்தைகள் வரக்கூடாது'' என்று சொல்லி விட்டனர். கதிரைத் தடுக்கும் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தோம்.

உள்ளே இருந்தவர்கள், ஈயம் கலந்த கனமான மேலங்கி அணிந்திருந்தனர். கழுத்தைச் சுற்றியும் ஓர் ஈயப் பட்டை. எக்ஸ் கதிர் ஈயத்தைத் துளைப்பது கடினம். அதனால்தான் இந்தக் கவசம்!

ஆங்கில 'சி' எழுத்தைப் போல வளைந்த ஒரு இயந்திரம். அதன் ஒரு முனையில் இருந்து கதிர் வரும். மறுமுனை அதைப் பிடித்துக்கொள்ளும். நடுவே குட்டன். ''மயக்க ஊசி போட மாட்டீர்களா?'' என்று கேட்டேன். ''தூங்கும் நாய் இருமாது, விழுங்காது. விழித்திருந்து, வழக்கம்போல மூச்சு விட்டால்தான் உண்மை தெரியும்'' என்றார் டாக்டர்.

அவர் காலால் ஒரு பெடலை மிதித்தார். திரையில் படம் வந்தது!

குட்டனின் முதுகெலும்பு தெரிந்தது. அதற்குக் கீழே, கழுத்தில் இருந்து நெஞ்சு வரை ஒரு குழாய். அதுதான் மூச்சுக்குழாய். உள்ளே காற்று நிறைந்திருப்பதால் தனியாகத் தெரிந்தது.

குட்டன் மூச்சை வெளியே விட்டான். குழாய் நன்றாகத் திறந்திருந்தது. மூச்சை உள்ளே இழுத்தான். அப்போதுதான் பார்த்தோம்... கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தில், குழாய் அப்படியே தட்டையாக ஒட்டிக்கொண்டது! விட்டான்; திறந்தது. இழுத்தான், ஒட்டியது.

எங்கள் ஊரில் எடுத்த எக்ஸ்ரே, குட்டன் மூச்சை விட்ட நொடியில் எடுத்தது போலும். போட்டோ பொய் சொல்லவில்லை. ஆனால், முழு உண்மையையும் சொல்லவில்லை!

'சி' வளையம்

நம் மூச்சுக்குழாயில் குருத்தெலும்பால் ஆன வளையங்கள் உண்டு. மனிதருக்கு 16 முதல் 20 வரை. நாய்க்குக் கழுத்து நீளம் அல்லவா? அதனால், முப்பத்தைந்துக்கும் மேல் இருக்கும். அவை முழு வளையங்கள் அல்ல. 'சி' வடிவம் கொண்டவை. திறந்த பக்கத்தை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும்.

பொமரேனியன் போன்ற சில குட்டை இன நாய்களுக்கு, இந்த வளையங்கள் வலுவிழந்து தளர்ந்து விடுவது உண்டு. அப்போது வளையம் தட்டையாகும். சவ்வு தொய்ந்து உள்ளே இறங்கும். காற்று போக இடம் இருக்காது. அந்தச் சிறிய இடுக்கு வழியாகக் காற்று வேகமாகப் பாய்வதால்தான் வாத்துச் சத்தம்!

கழுத்தில் உள்ள பகுதி தளர்ந்திருந்தால், மூச்சை இழுக்கும்போது ஒட்டும். நெஞ்சுக்குள் உள்ள பகுதி தளர்ந்திருந்தால், மூச்சை விடும்போதும் இருமும்போதும் ஒட்டும். எந்த இடம், எந்த நேரம் என்று காட்ட சினிமா வேண்டும்.

செய்து பாருங்கள்: இளநீர்க் கடையில் காகித ஸ்ட்ரா தருகிறார்கள் அல்லவா? புதிய ஸ்ட்ராவின் ஒரு முனையை விரலால் மூடி, மறுமுனையை உறிஞ்சுங்கள். அது அசையாது. அதையே தண்ணீரில் நன்றாக ஊறவைத்து உறிஞ்சுங்கள். சப்பென்று ஒட்டிக்கொள்ளும். புதிய ஸ்ட்ரா நல்ல மூச்சுக்குழாய். ஊறிய ஸ்ட்ரா குட்டனின் மூச்சுக்குழாய்!

குட்டனுக்கு ஒரு விருந்து

''முள் சிக்கியதோ என்று சந்தேகப்பட்டீர்களே, அதையும் பார்த்து விடலாம்'' என்றார் டாக்டர்.

உணவும் சதையைப் போலத்தான். எக்ஸ் கதிரில் தனியாகத் தெரியாது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. பேரியம் சல்பேட் என்ற வெள்ளைப் பொடியை உணவில் கலப்பார்கள். இது எக்ஸ் கதிரை நன்றாகத் தடுக்கும். உடம்பில் கரையாது, ஓரிரு நாளில் மலத்தோடு வெளியேறி விடும். ராண்ட்ஜனின் திரையில் ஒளிர்ந்ததும் பேரியம் சேர்ந்த பொருள்தான், நினைவிருக்கிறதா?

முதலில் பேரியம் கலந்த தண்ணீர். அடுத்து, பேரியம் கலந்த குழைவான உணவு. கடைசியில், பேரியம் தடவிய கெட்டி உணவு. ஏன் மூன்று? சில நாய்கள் கெட்டி உணவை விழுங்கும், தண்ணீரில் திணறும். சில நாய்களுக்கு அப்படியே தலைகீழ்!

குட்டன் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும், ஒரு கறுப்புப் பந்து திரையில் சறுக்கிக்கொண்டு ஓடியது. தொண்டையைத் தாண்டியது ஒரு நொடிக்குள்! பிறகு உணவுக்குழாய் சுருங்கிச் சுருங்கி, அதை வயிற்றுக்குத் தள்ளியது. எங்கும் தடை இல்லை. விழுங்குவதில் குட்டன் கெட்டிக்காரன் என்பது எங்களுக்கு முன்பே தெரியும்!

நீங்களும் செய்து பாருங்கள்: தொண்டையில் மெதுவாக விரலை வைத்து, எச்சிலை விழுங்குங்கள். உள்ளே ஏதோ மேலே ஏறி இறங்குகிறதா? அது குரல்வளை. விழுங்கும்போது அது மேலே ஏற, ஒரு மூடி மூச்சுக்குழாயை மூடிக்கொள்கிறது. விழுங்கிக் கொண்டே மூச்சு விட முயன்று பாருங்கள், முடியாது! அந்த மூடி தாமதித்தால்தான் நமக்குப் புரை ஏறுகிறது. நாய்க்கும் அப்படியே. அடிக்கடி அப்படி நடந்தால், உணவு நுரையீரலுக்குள் போய், நிமோனியா காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகி விடும்.

முதலில் உதவியது நாய்தான்!

இங்கே ஓர் அதிசயமான செய்தி சொல்ல வேண்டும்.

ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1896 டிசம்பரில், அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் வால்டர் கேனன் என்ற முதலாண்டு மாணவர், 'விழுங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?' என்று ஆராயத் தொடங்கினார். ஒரு நாயை ஒரு பொத்தானை விழுங்க வைத்து, அது உணவுக்குழாயில் இறங்குவதைத் திரையில் பார்த்தார்.

அடுத்து ஒரு வாத்து! நீளமான கழுத்து, பார்க்க வசதி அல்லவா? ஆட்டாமல் இருக்க, அட்டையால் உயரமான கழுத்துப்பட்டை செய்து மாட்டினார். பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பை உணவில் கலந்து கொடுத்தார். அதன் இடத்துக்குத்தான் பின்னர் பேரியம் வந்தது. இன்று உலகம் முழுவதும் மனிதர்களுக்கு எடுக்கும் பேரியம் பரிசோதனைக்கு அதுவே விதை. பக்கவாதம் வந்து விழுங்க முடியாத தாத்தா பாட்டிகளுக்கும், பால் குடிக்கத் திணறும் பச்சிளங் குழந்தைகளுக்கும் இன்று இதே சோதனை உதவுகிறது.

அன்று ஒரு நாய் நமக்கு உதவியது. இன்று அதே வித்தை குட்டனுக்கு உதவுகிறது. பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்!

இது விளையாட்டுப் பொருள் அல்ல

சினிமா என்றதும், 'தினமும் பார்க்கலாமே' என்று நினைக்காதீர்கள். எக்ஸ் கதிர் அளவுக்கு மீறிப் பட்டால் உடம்பைக் கெடுக்கும். அந்தக் காலத்தில் இது யாருக்கும் தெரியவில்லை.

மின்விளக்குப் புகழ் எடிசனும் 1896ல் ஃப்ளூரோஸ்கோப்பி கருவி ஒன்றை உருவாக்கினார். அவருடைய உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, தன் கையையே கதிருக்கு முன்னால் நீட்டி நீட்டிச் சோதித்தார். கை புண்ணாகிப் புற்றுநோய் வந்தது. கைகளை வெட்டி எடுத்தும் பயனில்லை. 1904ல் இறந்து போனார். எடிசன் மனம் உடைந்து, எக்ஸ் கதிர் ஆராய்ச்சியையே விட்டு விட்டார்.

அதற்குப் பிறகும் பாடம் முழுதாகப் படிக்கப்படவில்லை. 1920களில் இருந்து 1950கள் வரை, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செருப்புக் கடைகளிலேயே இந்தக் கருவியை வைத்திருந்தார்கள்! புதிய ஷூவுக்குள் தங்கள் கால் விரல் எலும்பு அசைவதைக் குழந்தைகள் வேடிக்கை பார்த்தனர். ஆபத்து தெரிந்த பின் அவற்றைத் தூக்கிப் போட்டனர்.

அதனால்தான், குட்டனின் டாக்டர் பெடலை விட்டு விட்டு மிதித்தார். தேவையான சில நிமிடங்கள் மட்டுமே கதிர். 'தேவைக்கு மட்டும், தேவையான அளவு' என்பதுதான் விதி.

''நான் இழுத்ததாலா சாரே?''

சோதனை முடிந்தது. டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, படத்தை மெதுவாக ஓட விட்டுக் காட்டினார். குழாய் ஒட்டும் இடத்தில் விரலை வைத்தார்.

சிறுமி அந்த இடத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு, மெல்லிய குரலில் என்னிடம் கேட்டாள்... ''சாரே, இங்கேதானே குட்டனோட கழுத்துப்பட்டை இருக்கும்? மலையில நான் பிடிச்சு இழுத்ததாலதான் இப்படி ஆச்சா?''

எனக்குப் பதில் வரவில்லை. டாக்டர்தான் அவள் உயரத்துக்குக் குனிந்து சொன்னார்... ''இல்லம்மா. வளையம் தளர்வது இந்த இன நாய்களுக்கு இயல்பாகவே வரும். நீ உண்டாக்கவில்லை. ஆனால், பட்டை அழுத்தும்போது இருமல் கூடும். அதை இனிமேல் நீ நிறுத்தலாம். இவனுக்குப் பாதி மருந்து உன் கையில்தான் இருக்கிறது!''

டாக்டர் சொன்ன பாதி மருந்து இதுதான்: கழுத்துப்பட்டையைக் கழற்றி விட்டு, மார்பையும் முதுகையும் சுற்றி வரும் வாரை மாட்ட வேண்டும். ஒன்பது கிலோ எடையை ஏழு கிலோவாகக் குறைக்க வேண்டும். புகை படவே கூடாது. வெயிலில் ஓட விடக் கூடாது. மற்றப் பாதி, இருமலைக் குறைக்கும் மாத்திரை. இதற்கும் அடங்காத நாய்களுக்கு, குழாய் ஒட்டாமல் இருக்க உள்ளே ஒரு கம்பி வலைக்குழாய் வைக்கும் சிகிச்சையும் உண்டு.

வீட்டுக்குத் திரும்பியதும், அந்தச் சிறுமி மூன்று வேலைகள் செய்தாள். பழம்பொரிக்குத் தடை போட்டாள். குட்டன் படுக்கும் சாக்கை, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகைப் பக்கத்தில் இருந்து வீட்டின் முன்பக்கத்துக்கு மாற்றினாள். பழைய கழுத்துப்பட்டையைச் சுவர் ஆணியில் மாட்டி விட்டாள். அது இன்னும் அங்கேயே தொங்குகிறது.

குட்டனுக்கு முழுதாகக் குணமாகவில்லை, ஆகவும் ஆகாது. இப்போதும் எப்போதாவது வாத்துச் சத்தம் கேட்கும். ஆனால், இரவில் தூங்குகிறான். மலைக்கோவில் பாதையில், பாதி தூரம் இல்லாவிட்டாலும் கால்வாசி தூரம் வருகிறான். வந்ததும் உட்கார்ந்து விடுவான். நாங்களும் கூட உட்கார்ந்து விடுவோம்.

வேறு என்னென்ன தெரியும்?

குட்டனைப் போல மூச்சுக் கோளாறு மட்டும் அல்ல. வேறு பல கோளாறுகளையும் இந்தச் சினிமா காட்டிக் கொடுக்கும்.

பால் குடிக்கும் வரை நன்றாக இருந்த குட்டி நாய், சோறு தின்னத் தொடங்கியதும் உடனே கக்கும். 'பேராசையில் தின்கிறது' என்று திட்டுவோம். ஆனால், பிறவியிலேயே நெஞ்சில் உள்ள ஒரு ரத்தக்குழாய், உணவுக்குழாயைக் கயிறு போல் இறுக்கிக் கொண்டிருக்கலாம். பால் நழுவிப் போகும்; சோறு போகாது. சீக்கிரம் கண்டுபிடித்தால், அறுவை செய்து அந்தக் கட்டை விடுவிக்கலாம்.

சில நாய்களுக்கு உணவுக்குழாய் பலூன் போலத் தளர்ந்து கிடக்கும். உணவைத் தள்ளாது. அவற்றை நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டினால், உணவு தன் எடையாலேயே கீழே இறங்கும். இதற்கென்றே 'பெய்லி நாற்காலி' என்று ஒன்று உண்டு. பெய்லி என்ற நாய்க்காகச் செய்யப்பட்டதால் அந்தப் பெயர்! தின்று முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அதிலேயே உட்கார வேண்டும். குழந்தைகளுக்குப் பால் கொடுத்த பின் தோளில் போட்டுத் தட்டுவோமே, அது மாதிரிதான்.

தட்டை மூக்குப் பக் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவை குறட்டை விடுவதை 'அழகு' என்று ரசிக்கிறோம். முகத்தைக் குட்டையாக்கும்படி மனிதன் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால், அவற்றின் மூச்சுப் பாதையில் நெருக்கடி. அது அழகு அல்ல, மூச்சுக்கான போராட்டம். நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களின் நீண்ட மூக்கைப் பாருங்கள்; எத்தனை தாராளமாக மூச்சு விடுகின்றன!

நீங்கள் செய்ய வேண்டியவை

* உங்கள் நாய் வினோதமாக இருமினாலோ, கக்கினாலோ, பெரியவர்களின் கைபேசியில் அதைப் படம் பிடியுங்கள். டாக்டர் முன்னால் அது இருமாமல் நல்ல பிள்ளையாக நிற்கும்! உங்கள் படம்தான் அவருக்கு முதல் சினிமா.

* வயிற்றை எக்கி எக்கி வெளியேற்றியதா, சும்மா குனிந்ததும் உணவு விழுந்ததா என்று கவனியுங்கள். முதலாவது வாந்தி. இரண்டாவது, உணவு வயிற்றுக்கே போகவில்லை என்பதன் அடையாளம். தண்ணீரிலா, சோற்றிலா, தின்று எத்தனை நேரத்தில் என்று குறித்து வையுங்கள்.

* வேக வைத்த கோழி எலும்பையும், மீன் முள்ளையும் நாய்க்குப் போடாதீர்கள்.

* இருமும் நாய்க்குக் கழுத்துப்பட்டை வேண்டாம். மார்பு வார் போதும்.

* மிக முக்கியம்: எச்சில் ஒழுகிக் கொண்டு, விழுங்க முடியாமல், குரல் மாறி நிற்கும் நாயின் வாயில், 'எலும்பு சிக்கியிருக்கிறது' என்று நினைத்துக் கையை விடாதீர்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம். வீட்டு நாயாக இருந்தாலும் விலகி நின்று, பெரியவர்களிடம் சொல்லுங்கள். கடித்தாலோ, கீறினாலோ, எச்சில் காயத்தில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி விட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும். மறைக்கவே கூடாது.

இதையெல்லாம் படித்து, 'நானும் கால்நடை டாக்டர் ஆகலாமா?' என்று யாருக்காவது ஆசை வந்தால், எனக்கு மகிழ்ச்சி. சென்னையில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இன்றும் வேப்பேரியில் இருக்கிறது. 2012ல் நம் தென் மாவட்டத்துக்கே, திருநெல்வேலியில் ஒரு கல்லூரி வந்து விட்டது. படிப்பு ஐந்தரை ஆண்டுகள். பிளஸ் டூவில் உயிரியல் பாடத்தை நன்றாகப் படியுங்கள்.

எங்கள் ஊர்ச் சிறுமி இப்போதே முடிவு செய்து விட்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'சி' வளையத்தைப் படமாக வரைந்து வைத்திருக்கிறாள். போன வாரம் அதைக் காட்டி, ''சாரே, நீங்க வாழைப்பழம் கொடுத்ததையும் எழுதி வச்சிருக்கேன்'' என்றாள்.

தப்பு செய்த மாணவனைப் போல நானும் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு என்ன செய்ய?